நாலாம் தரம்

கொல்லிமலையில் மிளகுக்குத் தரம் சொல்வதில் சின்னுசாமியை மிஞ்ச ஆளில்லை என்று சோளக்காட்டுச் சந்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சின்னுசாமியைக் கேட்டால் அவரும் அதையேதான் சொல்வார். அடக்கம் என்கிற குணம் அவருக்கு ஐம்பது வயதில்தான் வந்தது. அதையும் ஒரு பியானோ வந்து கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். உள்ளங்கையில் கட்டை விரலால் ஓர் உருட்டு உருட்டுவார். சந்தேகம் என்றால் ஒரு சொம்புத் தண்ணீரில் போடுவார். அடியில் போய் உட்காருவது முதல் தரம். போகலாமா வேண்டாமா என்று யோசிப்பது இரண்டாம் தரம். வெட்கமில்லாமல் மேலே மிதப்பது மூன்றாம் தரம். அதற்குப் பெயர் பொக்கு, உள்ளே ஒன்றும் இருக்காது. மண்டிக்காரர்கள் இதையே கிரேடு ஒண்ணு, கிரேடு ரெண்டு என்பார்கள். எப்படிச் சொன்னாலும் ஒன்றுக்கு மேலே எதுவும் கிடையாது. எண் கூடக் கூட மதிப்பு இறங்கும். மலையின் திண்ணனூர் நாட்டில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த ஞானம்தான் சின்னுசாமியைக் கவிழ்த்துவிட்டது.

அவருக்கு ஒரே மகள், கலைச்செல்வி. ஆறாம் வகுப்புக்கு அவளை மலைக்குக் கீழே, காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம், விடுதியோடு கூடிய ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அந்தப் பள்ளியின் கூடத்தில் யாரோ எப்போதோ கொடுத்துவிட்டுப் போன ஒரு பியானோ நின்றது. அதைச் சொல்லிக்கொடுக்க ஹேமலதா என்று ஒரு டீச்சர் இருந்தார். அப்போது அவருக்கே இருபத்தைந்து வயதுதான் இருக்கும். மலையிலிருந்து வந்த இந்தப் பெண்ணின் விரல்களைப் பார்த்த பிறகு அவர் விடவில்லை. ஒரே வருஷத்தில் தயார் செய்து சேலத்துக்குப் பரீட்சைக்குக் கூட்டிப் போனார். வெளிநாட்டிலிருந்து ஆள் வந்து, வாசிக்கச் சொல்லிக் கேட்டு, மார்க் போடும் பரீட்சை. கலைச்செல்வி கிரேடு ஒண்ணு பாஸ்.

சின்னுசாமிக்கு அன்றைக்குக் கால் தரையில் படவில்லை. கடல் தாண்டி வந்த ஒருவன் தன் மகளை முதல் தரம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான் என்றால் சும்மாவா. சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். ஊர் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். பஸ் கண்டக்டருக்கும் ஒரு பொட்டலம் போயிற்று.

அடுத்த வருஷம் அவள் கிரேடு ரெண்டு வாங்கிக்கொண்டு வந்தாள். சின்னுசாமி அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். போன வருஷம் ஒன்று வாங்கியவள் இந்த வருஷம் ஏன் இரண்டு என்று கேட்டார். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். அடுத்த வருஷம் மூன்று வாங்கப் போவதாக வேறு சொன்னாள். பெற்ற பிள்ளைக்குக் கொஞ்சம்கூட ரோஷம் இல்லையே என்று அன்றைக்கு ராத்திரி அவர் மனைவி பாவாயியிடம் புலம்பினார். பாவாயியும் அதை ஒப்புக்கொண்டாள். அவளும் மிளகு வீட்டில் பிறந்தவள்தானே.

சொன்ன சொல் தவறாமல் மறு வருஷம் மூன்று வந்தது. அந்த நேரம் பார்த்து மிளகு வியாபாரி மாணிக்கம் வீட்டில் உட்கார்ந்திருந்தான். சான்றிதழை வாங்கிப் பார்த்தவன், மூணாந்தரமா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மேற்கொண்டு பேசாமல் டீயைக் குடித்தான். அந்தப் பேசாமை சின்னுசாமியைச் சுட்டது. என்ன இது என்று மகளைப் பார்த்துக் கேட்டார்.

"அது ஏறுமுகம்ப்பா. ஒண்ணுலருந்து எட்டு வரைக்கும் இருக்குது" என்றாள் கலைச்செல்வி. அவளுக்கு அப்போது பதிமூன்று வயது.

இரண்டாம் தரத்தை முதல் தரம் என்று தள்ளிவிட மண்டியில் எத்தனை பேர் எத்தனை விதமாகப் பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். தன் மகளும் அந்தப் பேச்சைப் பேசுகிறாள் என்றுதான் அவருக்குப் பட்டது.

"மிளகு விக்கறவங்கிட்டயே தரம் சொல்லித் தாரியா? மூணாந்தரம்னா பொக்கு" என்றார்.

கலைச்செல்வி ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொல்கிற பெண் இல்லை. சான்றிதழை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் சின்னுசாமி கீழே இறங்கிப் போய், பள்ளிக்கூட ஆபீஸில், இனிமேல் பாட்டு வகுப்பு வேண்டாம், அந்த நேரத்தில் கணக்கு டியூஷன் வையுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். காரணம் கேட்டதற்குப் படிப்பு கெடுகிறது என்றார். மகள் தரம் இறங்குகிறாள் என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு கலைச்செல்வி நன்றாகப் படித்தாள். லேப் டெக்னீஷியன் ஆனாள். ஓசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போனாள். பொங்கலுக்கு வந்து இரண்டு நாள் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தவறாமல் போன் செய்வாள். மழை உண்டா, மிளகு எப்படி, அம்மாவுக்குக் கால் வலி தேவலையா என்று மூன்று கேள்வி, மூன்று நிமிஷம். குரலில் கோபம் கிடையாது. கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டுச் சமாதானம் ஆகியிருக்கலாம். போன் வைத்த பிறகும் சின்னுசாமி அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். எதற்காக நிற்கிறார் என்று பாவாயியும் கேட்டதில்லை.

அவளை எங்கே தவறவிட்டோம் என்பது அவருக்குச் சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில்தான் தெரிந்தது. கலைச்செல்விக்கு அப்போது இருபத்தொரு வயது. மிளகு உலர்த்தத் தார்ப்பாய் வாங்கிக்கொண்டு மலை பஸ்ஸுக்காக நின்றவரை ஒரு பெண் அடையாளம் கண்டுகொண்டு வந்து பேசினார். ஹேமலதா டீச்சர். இப்போது பள்ளிக்கூடத்தில் இல்லையாம். சேந்தமங்கலத்திலேயே மாடி அறையில் ஒரு பியானோ வாங்கிப் போட்டு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாராம். கலை எப்படி இருக்கிறாள் என்று விசாரித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"விடாம வாசிச்சிருந்தான்னா இந்நேரம் எட்டாம் கிரேடு முடிச்சிருப்பாளுங்க" என்றார்.

"எட்டா? அவ்வளவு கீழயா போயிருப்பா?" என்றார் சின்னுசாமி. உண்மையாகவே பதறிப் போய்த்தான் கேட்டார்.

ஹேமலதா சிரித்தார். சின்னுசாமி சிரிக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு ஹேமலதாவும் நிறுத்திக்கொண்டார். அப்புறம் மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல, ஒன்றாம் வகுப்பு இரண்டாம் வகுப்பு மாதிரிதான் அது, ஒன்றில் ஆரம்பித்து எட்டில் முடியும் என்று விளக்கினார். மலை பஸ் வந்தது. சின்னுசாமி ஏறவில்லை. பஸ் போன பிறகும் தார்ப்பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அங்கேயே நின்றார். ஏறுமுகம்ப்பா என்று மகள் சொன்ன குரல், சொன்னபோது அவள் போட்டிருந்த பச்சைப் பாவாடை, எல்லாம் ஒன்று விடாமல் ஞாபகம் வந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தார். மழை உண்டாப்பா என்று கேட்டாள். உண்டு என்றார். மிளகு என்றாள். நல்லாக் காய்ச்சிருக்கு என்றார். அதற்கு மேல் நாக்கு எழவில்லை. அந்த மலையில் எந்த அப்பனும் எந்த மகளிடமும் தப்பு என்று சொல்லி அவர் பார்த்ததில்லை. எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

புதன்கிழமை திரும்பவும் சேந்தமங்கலம் போய் ஹேமலதாவின் மாடிப்படி ஏறினார். அவளை மறுபடி வாசிக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டார். ஹேமலதா ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டுப் பார்த்திருக்கிறார். அந்தப் பேச்சு மட்டும் வேண்டாம் மேடம் என்று பதில் வந்ததாம். சின்னுசாமி பியானோவின் பக்கம் திரும்பினார்.

"அப்ப எனக்குச் சொல்லிக் குடுங்க டீச்சர். நாலு வரைக்கும் போதும்" என்றார். "அவ நின்ன எடத்துக்கு அடுத்த படி. அதை வாங்கிட்டு அவகிட்டப் பேசறேன்."

ஹேமலதா அவர் கையை வாங்கிப் பார்த்தார். ஒற்றை மூங்கில் ஏணியில் நின்று முப்பத்தைந்து வருஷம் மிளகு பறித்த கை. விரல்கள் தடிமனாக இருந்தன, ஆனால் தனித்தனியாக அசைந்தன. எத்தனை நாள் ஆகும் என்று சின்னுசாமி கேட்டார்.

"கொழந்தைங்கன்னா வருஷத்துக்கு ஒண்ணுங்க. பெரியவங்க அப்படி இல்ல. சொன்னது சட்டுனு புரியும், யாரும் வெரட்டாம உக்காந்து வாசிப்பாங்க, மொத மூணும் மடமடன்னு ஏறிரும். நாலுல வந்துதான் நிக்கும். அங்க புத்திக்கு வேலை கம்மி, வெரலுக்குத்தான் வேலை. வெரலுக்கு வயசு தெரியுங்க" என்றார் ஹேமலதா. வேண்டுமானால் முதல் இரண்டையும் எழுதாமல் தாண்டிப் போகலாம், பெரியவர்கள் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும் சொன்னார். சின்னுசாமி ஒத்துக்கொள்ளவில்லை. மகள் ஏறிய படி எதையும் தாண்டுவதாக இல்லை.

வாரத்துக்கு இரண்டு நாள் மலையை விட்டு இறங்கினார். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, முக்கால் மணி நேரம் வாசித்துவிட்டு, எழுபதும் ஏறினார். வீட்டுக்கு ஒரு பழைய கீபோர்டு வாங்கி ஜன்னலோரம் வைத்தார். அந்த மூலையில்தான் வீட்டில் போன் சிக்னலும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மட்டும் அதன் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிவிடுவார், போனுக்குள்ளிருந்து மகளுக்குக் கண் தெரியும் என்கிற மாதிரி. பொங்கலுக்கு அவள் வரும்போது அது பரண் மேல் ஏறிவிடும். கரண்ட் இல்லாத நாளில் முறத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் விரல் ஓட்டுவார். கலைகிட்ட மூச்சு விடக்கூடாது என்று பாவாயியிடம் சத்தியம் வாங்கியிருந்தார். பாவாயிக்கு அது பெரிய கஷ்டமாக இருந்தது, ஆனாலும் காப்பாற்றினாள்.

முதல் பரீட்சை ஒன்பது மாதத்தில். சேலத்தில் பரீட்சைக் கூடத்தில் கழுத்துப்பட்டை கட்டிய குழந்தைகளுக்கு நடுவே வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தவரிடம், குழந்தை எங்கே, கூப்பிடப் போகிறார்கள் என்று பெயர் வாசிக்கிற பெண் கேட்டாள். நான்தாங்க குழந்தை என்றார் சின்னுசாமி. உள்ளே பரீட்சைக்காரர் ஒரு வரி வாசித்துக் காட்டி, அதையே பாடச் சொன்னார். சின்னுசாமி வாழ்க்கையில் பாடியதில்லை. சந்தையில் விலை கூவும் குரலில் அதைத் திரும்பச் சொன்னார். பரீட்சைக்காரர் காகிதத்தில் எழுதிக்கொண்டார். பாஸ்.

ஊரில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாணிக்கம் எப்படியோ தெரிந்துகொண்டு, மாமா முதல் தரம் வாங்கிட்டார் என்று சந்தை முழுக்கச் சொன்னான். ஏழு மாதம் கழித்து இரண்டு வந்தபோது அவனே வந்து, விடுங்க மாமா, வயசாச்சில்ல என்று தோளைத் தட்டினான். மூன்று வந்தபோது சந்தையில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கருணையோடு வேறு பக்கம் பார்த்தார்கள். ஒரு வார்த்தையில் அவர் விளக்கிவிட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்ததை அவர் ஒவ்வொரு தடவையும் விழுங்கினார். பதிமூன்று வயதில் அந்தப் பிள்ளை இதைத்தானே சுமந்துகொண்டு விடுதிக்குப் போனது என்று நினைத்தார். நமக்கு நரைத்த வயதில் இது வலிக்கிறது, அதற்கு எப்படி வலித்திருக்கும் என்று நினைத்து நினைத்து வெந்தார்.

இரண்டே வருஷத்தில் மூன்று கிரேடு. கலைச்செல்விக்கு மூன்று வருஷம் ஆனது. டீச்சர் சொன்னபடியே மடமடவென்று ஏறிவிட்டார். சட்டம் போட்ட அந்தப் பழைய சான்றிதழுக்குப் பக்கத்தில் தன்னுடையதை வைத்துப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. அவளுடைய இரண்டையும் மூன்றையும் தேடினார். பாவாயி மகளின் பழைய விடுதி டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மூன்றாவதில் நான்காக மடித்த கோடு அப்படியே இருந்தது. அவற்றுக்கும் சட்டம் போட்டு மாட்டினார், பத்து வருஷம் பிந்தி. பொங்கலுக்கு வந்த கலைச்செல்வி சுவரைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. ஓசூருக்குத் திரும்பும்போது மட்டும் அந்தச் சுவர்ப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். அதைப் பாவாயிதான் பார்த்திருந்தாள்.

நாலாவதுக்கு ஹேமலதா ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். மூலைகள் மடங்கிய பழைய புத்தகம். அதில் மூன்றாவது பாட்டு ஒரு படகுப் பாட்டு. இடது கை படகு மாதிரி ஆட வேண்டும், வலது கை அதன் மேலே நிதானமாகப் போக வேண்டும். அதே பாட்டு இந்த வருஷப் பரீட்சைப் பட்டியலிலும் இருந்தது. திறந்து வைத்ததும் சின்னுசாமி குனிந்து பார்த்தார். சுரங்களுக்கு மேலே பென்சிலில் குட்டிக் குட்டியாக எண்கள். எந்த இடத்தில் எந்த விரல் என்று கலைச்செல்வி எழுதி வைத்தவை. அவள் போடும் ஏழு கொக்கி மாதிரி இருக்கும், ஒன்று கொஞ்சம் சாய்ந்திருக்கும். இங்கே ஏழுக்கு வேலை இல்லை, ஐந்து விரல்தான். ஆனால் அந்தச் சாய்ந்த ஒன்று பக்கமெல்லாம் இருந்தது. இரண்டாம் பக்கத்தின் பாதியில் எண்கள் நின்றுபோயிருந்தன. அந்த வாரத்தில்தான் அவர் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒன்றரை வருஷம் அந்தப் பாட்டோடு போராடினார். படகில் போகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்று டீச்சர் சொன்னதற்காக, வாசலூர்பட்டி படகுத் துறைக்குப் போய் டிக்கெட் எடுத்து, சுற்றுலா வந்த குடும்பங்களுக்கு நடுவே தனியாக மிதி படகில் உட்கார்ந்து சுற்றினார். முழங்கால் வலிதான் மிச்சம். பென்சில் எண்கள் இருக்கிற வரைக்கும் அவர் விரல் மகள் விரல் பின்னாலேயே போயிற்று. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற நிம்மதி அதில் இருந்தது. எண்கள் நின்ற இடத்தில் அவரும் நின்றார். ஹேமலதா வேறு எண்கள் சொல்லிப் பார்த்தார். புத்தகத்தில் எழுதுகிறேன் என்றார். அது அவ எழுதின புத்தகம், நாம எழுத வேண்டாம் டீச்சர் என்று சின்னுசாமி சொல்லிவிட்டார். மனசில் வைத்துக்கொண்டு வாசித்தார். அந்த இடம் வரும்போதெல்லாம் நாலாவது விரல் மட்டும் மரத்துப் போகும். ஐம்பத்து மூன்று வயது விரல், அதன் மேல் என்ன கோபப்பட்டு என்ன.

சேலத்தில் பரீட்சைக்காரர் முன்னால் முதல் இரண்டு பாட்டும் நன்றாகவே போயின. படகுப் பாட்டில், இரண்டாம் பக்கம், அதே இடத்தில் கை நின்றது. திரும்ப முன்னால் போய் ஆரம்பித்தார். திரும்பவும் அங்கேயே நின்றது. நாற்பத்தெட்டு நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை ஹேமலதா போன் செய்தார். பாஸுக்கு ஏழு மார்க் குறைவு. ஆறு மாதத்தில் திரும்ப எழுதலாம், பெரியவர்களுக்கு இது சகஜம் என்று ஆறுதல் சொன்னார். சின்னுசாமி சரிங்க டீச்சர் என்றார். போய் மிளகுக் கொடிகளுக்குள் நின்றுகொண்டு அழுதார். நாலாவது சான்றிதழைக் கையில் கொடுத்து, அதைச் சாக்காக வைத்து வாயைத் திறப்பது என்று மூன்றரை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த துணிச்சல் எல்லாம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போல் போர்வையை எடுத்துக் கீபோர்டை மூடப் போனவரிடம் பாவாயி சொன்னாள்.

"இன்னும் ஆறு மாசம் கழிச்சுச் சொல்லலாம்னு இருக்கறீங்க. அதுக்குள்ள அவ பேசற மூணு நிமிஷம் ரெண்டு நிமிஷம் ஆயிரும்."

போன் அடித்தது. போர்வையைக் கையில் வைத்துக்கொண்டே சின்னுசாமி எடுத்தார்.

"மழை உண்டாங்ப்பா?"

"உண்டு கண்ணு."

"மெளகு?"

"அது கெடக்குது கண்ணு. நான் ஒரு பரீட்சை எழுதினேன். ஃபெயிலாப் போயிட்டேன்."

என்ன பரீட்சை என்று கலைச்செல்வி கேட்டாள். அப்பா ஏதோ டிரைவிங் லைசென்ஸ் விஷயம் சொல்கிறார் என்று நினைத்த குரல் அது.

"பியானோ" என்றார் சின்னுசாமி. "ஹேமலதா டீச்சர்கிட்டக் கத்துக்கறேன். மொத மூணும் ஆயிருச்சு சாமி. நாலுலதான் பொக்காப் போயிட்டேன்."

அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. தானாக வாயில் வந்துவிட்டது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைக் கையில் எடுத்துப் பார்த்தார். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. திரும்பக் காதில் வைத்தார். ஒரு தடவை வெளியே வந்துவிட்ட பிறகு மற்றது தடுக்கவில்லை.

"அன்னிக்கு நீ ஏறுமுகம்னு சொன்னே. எனக்குத் தெரியல கண்ணு. நீ ஏறிட்டுத்தான் இருந்தே. நான்தான் கையப் புடிச்சு எறக்கி உட்டுட்டேன்."

ஓசூரில் ஏதோ பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. பாவாயி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கலைச்செல்வி அழுகிறாளா, கோபப்படுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. மூன்று நிமிஷம் தாண்டிவிட்டது.

"எந்த எடத்துல போச்சு?" என்றாள் கடைசியில்.

"படகுப் பாட்டு. ரெண்டாம் பக்கம். உன்ற பென்சில் நின்னுருக்குமே, அந்த எடம்."

"அந்தப் புஸ்தகம் இன்னும் இருக்குதா?"

"எங்கிட்டத்தான் இருக்குது சாமி. எம்முன்னாலதான் இருக்குது."



"வாசிங்ப்பா" என்றாள்.

சின்னுசாமி போனைக் கீபோர்டின் மேல் சாய்த்து வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். இடது கை ஆடத் தொடங்கியது. முதல் பக்கம் போயிற்று. இரண்டாம் பக்கம், சாய்ந்த ஒன்றுகளைப் பிடித்துக்கொண்டு போனார். அந்த இடம் வந்தது. நின்றது.

"இருங்ப்பா" என்றாள் கலைச்செல்வி.

போனுக்குள்ளிருந்து மரப்பலகையில் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. முதலில் தட்டுத் தடுமாறி, அப்புறம் சீராக. நின்றது. திரும்ப முதலிலிருந்து வந்தது. முறத்தைக் கவிழ்த்துப் போட்டு எத்தனையோ நாள் விரல் ஓட்டியவருக்கு அது என்ன சத்தம் என்று தெரியாமல் போகுமா. சின்னுசாமி அசையாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாலு வேண்டாங்ப்பா. அங்க மூணு வெயுங்க. வெச்சுட்டுக் கட்ட வெரலை அடியில உடுங்க" என்றாள். "எழுதிக்கறீங்களா?"

பாவாயி ஓடிப்போய், மூட்டைச் சீட்டில் தரம் எழுதுகிற பென்சிலைக் கொண்டுவந்து கொடுத்தாள். கலைச்செல்வி தட்டித் தட்டிப் பார்த்துச் சொன்னாள். மூன்று, ஒன்று, இரண்டு, நாலு, இரண்டு. அவள் எண்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே சின்னுசாமி ஒவ்வொன்றாக எழுதினார். அவருடைய ஒன்று நேராக நின்றது. ஒரு வரி முடிந்தது. வாசித்துக் காட்டினார். இன்னொரு தடவை என்றாள். வாசித்தார். அடுத்த வரிக்குப் போனார்கள். உலையில் தண்ணீர் கொதித்து வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை.

இரண்டாம் பக்கம் முடிந்தது.

"திருப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டாள் கலைச்செல்வி.

சின்னுசாமிக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. பக்கத்தைப் பாவாயிதான் திருப்பினாள்.